ஆய்வுத் தாளில் அப்பா கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. குடியாத்தத்தில் கைத்தறியில் லுங்கி நெய்கிறார். சர்க்கரை உண்டு, பீடிப் பழக்கமும் உண்டு. ஏழெட்டு மாதமாக மலத்தோடு ரத்தம் போனது, மூலம் என்று நினைத்து மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இப்போது பயாப்ஸியில் மலக்குடல் புற்றுநோய் என்று வந்துவிட்டது. கட்டி ஆசனவாயிலிருந்து 5 செ.மீ உயரத்தில் இருக்கிறதாம். உடனே ஆபரேஷன் செய்யாமல், முதலில் ஐந்தரை வாரம் கரண்ட் (கதிர்வீச்சு), கூடவே மாத்திரை, பிறகு நான்கு மாதம் கீமோ, அதற்கப்புறம்தான் ஆபரேஷன் என்கிறார்கள். கட்டியை உள்ளேயே வைத்துக்கொண்டு இத்தனை மாதம் இருக்கலாமா? ஆபரேஷன் முடிந்து வயிற்றில் பை வேறு வைப்பார்களாம். இதற்கு நடுவில் ஓர் ஆய்வில் சேரச் சொல்லி ஒன்பது பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். குடலை இணைக்கும்போது பச்சைச் சாயம் ஏற்றி ரத்த ஓட்டம் பார்ப்பார்களாம், யாருக்கு ஏற்றுவது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடுமாம். ‘அண்ணனை எலியாக்கப் பாக்குறாங்க, கையெழுத்துப் போடாதீங்க’ என்று சித்தப்பா சண்டை போடுகிறார். ஒரே ஊசியில் இந்தப் புற்றுநோய் கரைந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. அப்பா எதுவும் பேசுவதில்லை. நான் என்ன செய்யட்டும்?
- ஒரு மகள், குடியாத்தம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என் மனதில் நின்ற வரி ‘அப்பா எதுவும் பேசுவதில்லை’ என்பதுதான். அதற்குக் கடைசியில் வருகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாக் கேள்வியும் அங்கேதான் போய் முடிகிறது. முதலில், ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறார்களே என்ற பயம். வேண்டாம். யாரும் தள்ளிப்போடவில்லை, உங்கள் அப்பாவுக்கு வைத்தியம் கரண்ட் வைக்கிற முதல் நாளிலேயே தொடங்கிவிடுகிறது.

மூலம் என்று நினைத்ததற்காக வீட்டில் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள், அதையும் விட்டுவிடுங்கள். என்னிடம் வருகிறவர்களில் ரொம்பப் பேர் மூலத்துக்கு மருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். 5 செ.மீ உயரத்தில் இருக்கிற கட்டி, கையுறை போட்ட விரலுக்கே தட்டுப்படும், ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தை மருத்துவர் செலவழிக்காததாலும் நோயாளி கூச்சப்பட்டதாலும் மாதங்கள் போய்விடுகின்றன. இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: நாற்பது வயதுக்கு மேல் ரத்தம் போனால் ‘விரல் வைத்துப் பாருங்கள் டாக்டர்’ என்று நீங்களே கேளுங்கள்.

சரி, ஏன் முதலில் கரண்ட்? கரண்ட் என்று நாம் சொல்கிற கதிர்வீச்சையும் மாத்திரையையும் முன்பெல்லாம் ஆபரேஷன் முடிந்த பிறகுதான் கொடுத்தார்கள். முன்னால் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஜெர்மனியில் 823 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள், முடிவு 2004-ல் வெளிவந்தது. ஏறக்குறைய அதே கரண்ட், அதே மருந்து, அதே ஆபரேஷன், வரிசை மட்டும் வேறு. ஐந்து வருடத்துக்குள் அதே இடத்தில் மறுபடி கட்டி வந்தவர்கள், பின்னால் கரண்ட் வாங்கியவர்களில் 100-க்கு 13 பேர், முன்னால் வாங்கியவர்களில் 6 பேர். கரண்டால் வந்த கடுமையான தொந்தரவும் 40-லிருந்து 27 சதவீதமாகக் குறைந்தது. உயிரோடு இருந்தவர்களின் கணக்கில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆனால் இடுப்பெலும்புக்குள் மறுபடி முளைக்கிற கட்டி என்ன வலி கொடுக்கும், உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் ஒரு மனிதரை எப்படி வதைக்கும் என்று பக்கத்திலிருந்து பார்த்தவன் நான், 13 ஆறாகக் குறைந்தது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரிவதில்லை.

காரணமும் எளிதானதுதான். ஆபரேஷனுக்கு முன்னால் கட்டிக்கு ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும், பிராணவாயு இருக்கிற திசுவில் கரண்ட் நன்றாக வேலை செய்யும். ஆபரேஷன் முடிந்தபின் காலியான இடத்துக்குள் சிறுகுடல் சரிந்து வந்து உட்கார்ந்துகொள்ளும், புதிதாக இணைத்த குடலும் அங்கேயே இருக்கும். அப்புறம் கரண்ட் வைத்தால் நல்ல குடலும் சேர்ந்து வேகும்.

கீமோவை முன்னால் கொண்டுவந்ததும் இதே மாதிரிதான் நிரூபணமானது. ஆபரேஷன் முடிந்து துவண்டுபோனவருக்குக் கீமோவை முழுசாகக் கொடுக்க முடியாமல் பாதியிலேயே நிறுத்த வேண்டி வரும். பிரான்ஸில் 461 பேரை வைத்து, கீமோவை முதலிலேயே கொடுத்துப் பார்த்தபோது, மூன்று வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 69 சதவீதத்திலிருந்து 76 ஆனார்கள். உங்கள் அப்பாவுக்குச் சொல்லியிருக்கிற வரிசை இப்படிப் பல ஊர்களில் பல ஆயிரம் பேரிடம் பார்த்துப் பார்த்து வந்த வரிசை, யாரோ ஒரு டாக்டர் தன் வசதிக்குச் சொன்னது இல்லை.

கரண்டோடு கொடுக்கிற மாத்திரையில் ஒரு விஷயம், நெசவாளி என்பதால் சொல்கிறேன். அது கேப்சிடபின் ஆக இருந்தால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, தோல் உரியலாம். காலால் மிதித்துக் கையால் நாடா தள்ளுகிறவருக்கு இது பெரிய தொந்தரவு. காலையும் இரவும் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிக்கொள்ளட்டும். தோல் வெடிக்க ஆரம்பித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு தறியில் உட்காராமல் உடனே டாக்டரிடம் காட்டவேண்டும், மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்தியோ அளவைக் குறைத்தோ சரிசெய்வார்கள்.

இனி ஆபரேஷன். மலக்குடலைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை உண்டு, நோய் முதலில் பரவுகிற நெறிக்கட்டிகள் எல்லாம் அந்தக் கொழுப்புக்குள்தான் இருக்கின்றன. பழைய காலத்தில் கையை உள்ளே விட்டுப் பிய்த்தெடுப்பார்கள், உறை கிழியும், கிழிந்த துண்டு உள்ளே தங்கும், தங்கிய துண்டிலிருந்து நோய் திரும்பும். இங்கிலாந்தில் பேசிங்ஸ்டோக் என்ற ஊரில் பில் ஹீல்ட் என்ற அறுவை மருத்துவர், உறையோடு முழுசாக, கண்ணால் பார்த்துக்கொண்டே கூர்மையாக அறுத்து எடுக்கவேண்டும் என்று 1982-ல் எழுதினார். என் மாணவர்களுக்கு இதைப் பாலாற்றங்கரை நுங்கை வைத்துத்தான் சொல்லித்தருகிறேன். காயைச் சீவிவிட்டு நுங்கை அதன் குழியிலிருந்து எடுக்கும்போது, பழகிய கை தோல் கிழியாமல் தண்ணீர் சிந்தாமல் முழுசாகத் தூக்கிவிடும், அவசரப்படுகிற கை குத்திவிடும், தண்ணீர் கையெல்லாம் வழியும். புற்றுநோயில் அந்தத் தண்ணீர் சிந்தக்கூடாது. வயிற்றைத் திறந்து செய்கிறார்களா, லேப்ராஸ்கோப்பியா, ரோபோவா என்று சொந்தக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். திறந்து செய்வதையும் லேப்ராஸ்கோப்பியையும் ஒப்பிட்டு 1,044 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் மூன்று வருடத்தில் அதே இடத்தில் நோய் திரும்பியது இரண்டிலும் 5 சதவீதம்தான். கருவி எது என்பதைவிட, இந்த ஆபரேஷனை அடிக்கடி செய்கிற கையா என்று கேளுங்கள்.

ஆபரேஷனில் நாங்கள் உண்மையில் பயப்படுகிற இடம் வேறு. கட்டி இருந்த பகுதியை எடுத்தபின், மேலிருக்கிற பெருங்குடலை இறக்கி அடியில் மிச்சமிருக்கிற துண்டோடு இணைக்கிறோம், ஆழமான இடுக்கில். அந்த இணைப்பு ஒரு ஓரத்தில் விட்டுப்போனால் மலம் வயிற்றுக்குள் கசியும். நாங்கள் ‘லீக்’ என்போம்.

நான் பயிற்சியில் இருந்த காலத்தில் ஆரணிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார், அவரும் நெசவுதான், பட்டு. ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது, நான்காம் நாள் எழுந்து நடந்தார், கஞ்சி குடித்தார். ஐந்தாம் நாள் சாயங்காலம் ரவுண்ட்ஸில் நாடி 118. காய்ச்சல் லேசாக. ‘வயிறு கல்லு மாதிரி இருக்கு சார்’ என்றார். வாயுவாக இருக்கும், காலையில் பார்க்கலாம் என்று நினைத்தேன், அப்படியே எழுதியும் வைத்தேன். ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள், அதற்குள் ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. மறுபடி திறந்து, கழுவி, பை வைத்து, ஐசியூவில் பதினேழு நாள். பிழைத்தார். ஆனால் அந்த எட்டு மணி நேரம் என்னால் வீணானது, இன்றைக்கும் ஐந்தாம் நாள் நாடி 100-ஐத் தாண்டினால் நான் வீட்டுக்குப் போவதில்லை. நீங்களும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: ஆபரேஷனுக்குப் பிறகு முதல் பத்து நாளில் காரணம் தெரியாமல் நாடி ஏறினாலோ, வயிறு உப்பினாலோ, தோள்பட்டை வலித்தாலோ, நன்றாக இருந்தவர் திடீரென்று பேச்சுக் குழறினாலோ, நர்ஸிடம் சொல்லுங்கள், மறுபடி மறுபடி சொல்லுங்கள், யாராவது சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும்.

பை எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான். இணைப்பு ஆறுகிறவரை மலம் அந்த வழியே போகாமல் சிறுகுடலிலேயே திருப்பி, வயிற்றுக்கு வெளியே ஒட்டிய பையில் விழும்படி விடுகிறோம். ஸ்வீடனில் 234 பேரிடம் செய்த ஆய்வு, 2007-ல் வந்தது: பை வைக்காதவர்களில் 28 சதவீதத்துக்கு லீக் ஆகித் தொந்தரவு கொடுத்தது, வைத்தவர்களில் 10.3. அப்படியே லீக் ஆனாலும் பை இருந்தால் உயிருக்கு வருகிற ஆபத்து குறைவு. இணைப்பு நன்றாக ஆறிவிட்டது என்று பரிசோதித்துப் பார்த்துவிட்டு, பெரும்பாலும் சில மாதங்களில் பையை எடுத்துவிட்டுக் குடலை உள்ளே போட்டுவிடுவார்கள். சிலருக்கு நாள் கூடும், வெகு சிலருக்கு எடுக்க முடியாமலும் போகும். எடுத்த பிறகு முதல் வருடம் ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை ஓட வேண்டி வரலாம், போய்விட்டு வந்து உட்கார்ந்ததும் மறுபடி வரும். கெட்டது நடந்துவிட்டது என்று அப்போது பயப்படவேண்டாம். சேமிக்கிற பை போன்ற மலக்குடல் போய்விட்டது, புதிய குடல் பழகிக்கொள்ளக் காலம் எடுக்கும்.

இப்போது அந்த ஒன்பது பக்கத் தாள். இணைப்பு ஏன் விட்டுப்போகிறது? பல காரணம், அதில் முக்கியமானது, இறக்கிய குடலின் நுனிக்கு ரத்தம் போதாமல் இருப்பது. இதுவரை நாங்கள் குடலின் நிறத்தைப் பார்த்து, அறுத்த ஓரத்தில் ரத்தம் கசிகிறதா என்று பார்த்து, கையால் துடிப்பைத் தொட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்துவந்தோம், அதாவது அனுபவத்தை நம்பி. இண்டோசயனின் கிரீன் என்ற பச்சைச் சாயத்தை ரத்தக்குழாயில் ஏற்றிவிட்டு விசேஷக் கேமராவால் பார்த்தால், ரத்தம் ஓடுகிற குடல் ஒரு நிமிடத்துக்குள் ஒளிர ஆரம்பிக்கும், ஓடாத பகுதி இருட்டாகவே நிற்கும். எல்லை கோடு போட்ட மாதிரி தெரியும். சாயம் புதிதல்ல, 1950-களின் கடைசியிலிருந்து கல்லீரல் சோதனைக்கும் பிறகு கண் சோதனைக்கும் பயன்படுவது. அயோடின் ஒவ்வாமை இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் எல்லாருக்கும் ஏற்றிவிடலாமே, எதற்குக் குலுக்கல்? உங்கள் சித்தப்பா கேட்கிறது நியாயமான கேள்விதான். ஜப்பானில் மலக்குடல் ஆபரேஷன் செய்துகொண்ட 850 பேரிடம் பார்த்தபோது சாயம் ஏற்றியவர்களில் லீக் 7.6 சதவீதம், ஏற்றாதவர்களில் 11.8. நல்ல செய்தி. ஆனால் அமெரிக்காவில் 347 பேரிடம் பார்த்ததில் 9.0-க்கு 9.6, அதாவது வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். நம் ஊர் நோயாளிகளுக்கு, சர்க்கரையும் ரத்தசோகையும் கரண்டும் வாங்கிய குடலுக்கு, இது உதவுமா? நேர்மையாக யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அடித்துச் சொல்ல முடிந்தால் ஆய்வு செய்வதே தப்பாகிவிடும், நல்லது என்று தெரிந்ததைப் பாதிப் பேருக்குக் கொடுக்காமல் விடுகிறது தர்மமில்லை.

கம்ப்யூட்டர் எதற்கு என்றால், டாக்டரை நம்ப முடியாது என்பதற்காக! தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான். தேர்ந்தெடுக்கிற உரிமை என் கையில் இருந்தால், எனக்கே தெரியாமல், திடமான ஆளுக்குப் புதிய முறையைச் செய்துவிட்டு, ‘பாருங்கள், எவ்வளவு நன்றாக ஆறியிருக்கிறது’ என்பேன். நல்ல மண்ணுள்ள காணியில் புது விதையையும் உவர் நிலத்தில் பழைய விதையையும் போட்டுவிட்டு விளைச்சலை ஒப்பிடுகிற மாதிரி அது. குலுக்கிப் போட்டால்தான் இரண்டு பக்கமும் எல்லா மண்ணும் கலந்திருக்கும். எந்தப் பக்கம் விழுந்தாலும் அப்பாவுக்கு வழக்கமான முழு வைத்தியமும் உண்டு, பையும் உண்டு, கூடுதலாகச் சாயம் உண்டா இல்லையா என்பது ஒன்றுதான் கேள்வி.

எலி என்ற வார்த்தை எனக்கு வலிக்கிறது, ஆனால் அது ஏன் வருகிறது என்றும் தெரியும். நம் நாட்டில் ஏழைகளிடம் விளக்கம் சொல்லாமல் கைநாட்டு வாங்கிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அதனால்தான் கட்டுப்பாடுகள் வந்தன. மருத்துவ ஆய்வுகளுக்கான தேசியப் பதிவேடு ஒன்று 2007-ல் தொடங்கியது, சி.டி.ஆர்.ஐ என்பார்கள். 2009-லிருந்து மருத்துவச் சோதனைகளை, முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே அதில் பதிவு செய்தாக வேண்டும். உங்கள் தாளில் அந்த எண் இருக்கும், இணையத்தில் யாரும் காசில்லாமல் தேடிப் பார்க்கலாம், இன்றைக்கே பாருங்கள். எண் இல்லையென்றால் காரணம் கேளுங்கள், மழுப்பினால் சேராதீர்கள். ஆய்வு நியாயமாக நடக்கிறதா என்று கவனிக்கிற நெறிமுறைக் குழுவின் பெயரும் போன் எண்ணும் இருக்கவேண்டும், ஆய்வு டாக்டருக்குப் பயப்படாமல் அங்கே நேரடியாகப் பேசலாம். சாயத்துக்கும் கேமராவுக்கும் காசு யார் கொடுப்பது, ஆய்வால் ஏதாவது ஆனால் வைத்தியச் செலவும் நஷ்ட ஈடும் யார் பொறுப்பு, நடுவில் விலகினால் வைத்தியம் அதே மாதிரி நடக்குமா, இவை தாளில் தமிழில் எழுத்தாக இருக்கவேண்டும். வாயால் சொன்னது போதாது. கையெழுத்தான பிரதி ஒன்று உங்கள் வீட்டுக்கு வரவேண்டும்.

ஆபரேஷனுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கும்போதே தாளைக் கையில் கொடுத்து, வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள் என்றிருக்கிறார்களே, அதை நல்ல அடையாளமாகவே பார்க்கிறேன். ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்துவிட்டுக் கேட்கவில்லை.

சித்தப்பாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். ஆய்வு என்றாலே புது மருந்து இல்லை. வயிற்றை மூடித் தைப்பதற்கு முன்னால் எல்லாரும் கையுறையையும் கருவிகளையும் புதிதாக மாற்றிக்கொண்டால் புண் சீழ் வைப்பது குறையுமா என்று இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 13,000-க்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்தார்கள். 18.9 சதவீதம் 16 ஆனது, 2022-ல் வெளிவந்தது. ஒரு ஜோடி கையுறை! இதை யாரோ கேட்டு, யாரோ ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டதால்தான் தெரியவந்தது. என் சொந்த அப்பாவாக இருந்தால் இந்தச் சாய ஆய்வில் சேரச் சொல்வேனா என்று கேட்டால், தாளில் நான் மேலே சொன்னதெல்லாம் இருந்தால், சொல்வேன். வேண்டாம் என்று அவர் சொன்னால் அதுவும் சரி, எந்த டாக்டரும் முகம் சுளிக்க உரிமை இல்லை.

வாட்ஸ்அப் ஊசிக்கு வருவோம். வீடியோ முழுப் பொய் இல்லை, அதனால்தான் ஆபத்து. டோஸ்டார்லிமாப் என்ற நோய் எதிர்ப்பு ஊசியை நியூயார்க்கில் 12 மலக்குடல் புற்றுநோயாளிகளுக்கு ஆறு மாதம் கொடுத்தார்கள், 2022-ல் முடிவு வந்தது, 12 பேருக்கும் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது, கரண்டும் இல்லை, ஆபரேஷனும் இல்லை. 2025-ல் 49 பேரிடமும் அதே முடிவு. ஆனால் அவர்கள் எல்லாருடைய கட்டியும் ஒரு தனி ரகம், செல்லின் பிழை திருத்துகிற புரதம் இல்லாத ரகம். மலக்குடல் புற்றுநோயில் 100-க்கு ஐந்து பத்துப் பேருக்குத்தான் அப்படி இருக்கும், மற்றவர்களுக்கு இந்த ஊசி தனியாக அப்படி வேலை செய்வதில்லை. அப்பா எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள வழி சுலபம்: ஏற்கெனவே எடுத்த பயாப்ஸித் துண்டிலேயே, அந்தப் புரதம் இருக்கிறதா என்று பார்க்கிற எம்எம்ஆர் சோதனை செய்யலாம். கரண்ட் தொடங்கும் முன் ‘எம்எம்ஆர் பார்த்தாயிற்றா டாக்டர்’ என்று கேளுங்கள். குறைபாடு இருந்தால் வைத்தியமே மாறலாம், பரம்பரையாக வருவதா என்றும் பார்க்க வேண்டியிருக்கும். எப்படியானாலும், அப்பாவுக்கு வந்திருப்பதால் உங்களுக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும் நாற்பது வயதிலிருந்து, பரம்பரை ரகமென்றால் அதற்கும் முன்னாலேயே, பெருங்குடலைக் கேமராக் குழாயால் பார்க்கிற கொலனோஸ்கோப்பி தேவை.

கரண்டும் கீமோவும் முடிந்தபின் உங்கள் அப்பாவின் கட்டியே முழுசாகக் கரைந்துபோகவும் வாய்ப்பு இருக்கிறது. அப்படிக் கரைந்தவர்களை அறுக்காமல் கண்காணிக்கலாம் என்று பிரேசிலில் சாவோ பாலோவைச் சேர்ந்த ஆஞ்சலிடா ஹப்ர்-காமா என்ற மருத்துவர் 2004-ல் சொன்னபோது பெரிய எதிர்ப்பு. இன்று ஏற்றுக்கொண்ட முறை. அதே மாதிரி 880 பேரைப் பின்தொடர்ந்ததில் இரண்டு வருடத்துக்குள் நாலில் ஒருவருக்கு அங்கேயே மறுபடி வளர்ந்தது. அதனால் முதல் இரண்டு மூன்று வருடம் மூன்று நாலு மாதத்துக்கொரு தடவை ஸ்கோப்பும், டாக்டர் சொல்கிற இடைவெளியில் எம்ஆர்ஐயும் தவறாமல் பார்க்கிறவருக்கு மட்டும்தான் இது. ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்று வராமல் விடுகிறவருக்கு இது விஷப்பரீட்சை. குடியாத்தத்திலிருந்து வேலூர் பக்கம்தான், ஆனாலும் அப்பா குணம் உங்களுக்குத்தான் தெரியும்.

இனி நீங்களே செய்யக்கூடியது. இந்த ஆறு மாதத்தைக் காத்திருப்பு என்று நினைக்காதீர்கள். குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட 251 பேரில் ஒரு பிரிவினரை நாலு வாரம் உடற்பயிற்சி, புரதச் சாப்பாடு, மனத்தைரியம், புகை நிறுத்தம் என்று தயார் செய்து பார்த்தார்கள். கடுமையான சிக்கல் வந்தவர்கள் 29.7 சதவீதத்திலிருந்து 17.1 ஆகக் குறைந்தார்கள். எந்தச் சாயத்தையும்விடப் பெரிய வித்தியாசம் இது, தினமும் வீட்டிலேயே நடக்கக்கூடியது. முதல் வேலை பீடி. புகை சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது, இணைப்பு நம்பியிருப்பதே அந்தக் குழாய்களைத்தான். இன்றைக்கே நிறுத்தட்டும், முடியாவிட்டால் மருந்து இருக்கிறது, கேளுங்கள். ஏழெட்டு மாதம் ரத்தம் போயிருக்கிறது, ஹீமோகுளோபின் அநேகமாகக் குறைந்திருக்கும், முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் இந்த அளவுக்குப் போதாது, இரும்புச்சத்து ஊசி பற்றிக் கேளுங்கள். தினம் இரண்டு முட்டை, பருப்பு, வேர்க்கடலை, மீன் கிடைத்தால் மீன். களி சாப்பிடட்டும், கூட முட்டையோ பருப்போ இல்லாமல் வெறும் களி வேண்டாம். சாயங்காலம் வேர்வை துளிர்க்கிற வேகத்தில் அரை மணி நடை. மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து இருக்கிற பிளாஸ்டிக் கருவி ஒன்று கொடுப்பார்கள், நம் ஆட்கள் எல்லாரும் அதை ஊதுகிறார்கள்! ஊதக்கூடாது, உறிஞ்சவேண்டும், பந்து மேலே எழும்பி ஒன்றிரண்டு விநாடி நிற்கவேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆபரேஷன் பங்குனி, சித்திரையில் வரும் போலிருக்கிறது. நம் ஊர் வெயிலில் சிறுகுடல் பை வைத்தவர்களுக்கு உடம்பில் தண்ணீர் வற்றிச் சிறுநீரகம் அடிபடுவது நான் வருடா வருடம் பார்க்கிறது. பெருங்குடல் வரை போகாமலே தண்ணீரும் உப்பும் வெளியே வந்துவிடுகின்றன. தாகத்துக்கு வெறும் தண்ணீரும் இளநீருமாகக் குடித்தால் பை இன்னும் வேகமாக நிறையும். ஓஆர்எஸ் தூளைப் பாக்கெட்டில் போட்ட அளவுப்படி கலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக, உப்புப் போட்ட சோற்றுக் கஞ்சி, அதுதான் நல்லது. அளவுக் கோடு போட்ட ஒரு மக் வைத்து ஒவ்வொரு தடவையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். ஒரு நாளில் ஒன்றரை லிட்டரைத் தாண்டினாலோ, சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாக வந்தாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கடைசியாக அப்பா. தாளில் கையெழுத்துப் போடப்போவது நீங்களும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. அப்பாதான். வீட்டில் எல்லாரும் அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று நினைக்கிறேன், அவரிடம் யாராவது கேட்டீர்களா? ஒரு ராத்திரி அந்த ஒன்பது பக்கத்தையும் நீங்கள் சத்தமாகப் படித்துக்காட்டுங்கள், நடுவில் விளக்கம் சொல்லாமல். அவர் கேட்கிறதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மகளிடம் அவர் கேட்கமாட்டாத விஷயமும் ஒன்று உண்டு: இந்த ஆபரேஷனில் சிறுநீருக்கும் ஆண்மைக்குமான நரம்புகள் பக்கத்திலேயே ஓடுகின்றன, சிலருக்கு அவை பாதிக்கப்படும். அதை ஆபரேஷனுக்கு முன்னாலேயே டாக்டரோடு தனியாகப் பேச அவருக்கு உரிமை இருக்கிறது. அந்த ஒரு நாள் நீங்கள் போகாமல் சித்தப்பாவைக் கூட அனுப்புங்கள். இவ்வளவு பாசத்தோடு சண்டை போடுகிறவர் அந்த வேலையை நன்றாகவே செய்வார்.

பைக்கு வயிற்றில் இடம் குறிக்க ஆபரேஷனுக்கு முன் நர்ஸ் ஒருவர் வருவார், உட்காரவைத்து, நிற்கவைத்து, குனியவைத்துப் பார்த்துப் பேனாவால் புள்ளி வைப்பார். அன்றைக்கு ஆஸ்பத்திரி பைஜாமா வேண்டாம், அப்பா வழக்கமாகக் கட்டுகிற லுங்கியைக் கட்டிக்கொண்டு போகட்டும், முடிச்சு எங்கே விழுகிறது என்று காட்டட்டும். குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்தால் நெய்த துணி சுற்றுகிற கட்டை வயிற்றில் எந்த இடத்தில் இடிக்கும் என்பது நர்ஸுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அவரே கையை வைத்துக் காட்டட்டும், அந்த இடத்தை விட்டுப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள்.